பெரியவனை நிறுத்திவைத்த வருடம்

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். பையன் முதலில் வந்தான், சில நிமிடம் கழித்துப் பெண் வந்தாள். அந்தச் சில நிமிடத்தை வைத்து என் கணவர் வீட்டில் அவனைப் பெரியவன் என்றும் அவளைச் சின்னவள் என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. ஆனால் நடந்தது, பேசியது, செருப்பை மாற்றிப் போடாமல் போட்டது என்று எல்லாவற்றிலும் சின்னவள்தான் முந்தினாள். பெரியவன் அவள் செய்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பான்.

கூனிமேட்டில் ஈ.சி.ஆர். ரோட்டோரம் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. பார்மசி டிப்ளமா படித்தவள். கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. நேற்று வந்த சரக்காக இருந்தாலும் பார்ப்பேன். பாய் அதைப் பார்த்துச் சிரிப்பார். வீட்டிலும் எனக்கு அதே பழக்கம்தான், என் கணவர் சிரிக்கமாட்டார், எரிச்சல்படுவார். அவர் மரக்காணத்தில் இரண்டு பேரோடு சேர்ந்து உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். தை மாதம் தொடங்கினால் மழை வரும்வரை அவருக்கு அளத்தைத் தவிர வேறு உலகம் கிடையாது.

பிள்ளைகளுக்கு நான்கு வயது நெருங்கிய சித்திரையில் எல்.கே.ஜி.யில் சேர்க்கலாம் என்று பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம். அதுவரை இருவரும் தெருக்கோடியில் இருந்த பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளியின் தலைமையாசிரியை எங்களை அறையில் உட்காரவைத்தார். சின்னவளிடம் பெயர் கேட்டார், சொன்னாள். நிறம் கேட்டார், அதையும் சொன்னாள். பிறகு பெரியவன் பக்கம் திரும்பி, "தம்பிக்குப் பேச்சு கொஞ்சம் கம்மிதானே?" என்றார். அவனிடம் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அதை நான் அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் அவனிடம் பெயர் கேட்டார். சின்னவள் பதில் சொன்னாள். நீ சும்மா இரும்மா, அவன் சொல்லட்டும் என்றார். அவன் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தான். பந்தைக் காட்டி என்ன நிறம் என்றார். அவன் சின்னவளைப் பார்த்தான். அதோடு முடிந்தது.

"பாப்பாவ இந்த வருஷமே போட்டுடலாங்க. தம்பிய ஒரு வருஷம் நிறுத்தி வைங்க, பேச்சு வரட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்தப் பள்ளியின் வேன் கடலோரக் குப்பங்கள்வரை போய்ப் பிள்ளை கேட்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இன்னும் டயப்பர் கழற்றாத குழந்தையைக்கூடச் சேர்த்துக்கொண்ட பள்ளி, வலிய வந்து நிற்கும் என் பிள்ளையை எதற்காக வேண்டாம் என்கிறது? அதைவிட எனக்கு உறுத்தியது என் கணவர். அவர்கள் வீட்டில் எதிலும் ஆண் பிள்ளைதான் முதல். தொட்டிலில் முதலில் போட்டதும் அவனைத்தான், குழம்பில் பெரிய மீன் துண்டு போவதும் அவன் தட்டுக்குத்தான். தங்கை மேல் வகுப்பிலும் அண்ணன் கீழ் வகுப்பிலும் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த வீடு சும்மா இருக்காது. அப்படிப்பட்ட மனிதர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "சரிங்க மேடம்" என்றார்.

வெளியே வந்து ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவங்க படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதா என்றார். என் படிப்பை ஒருநாளும் பெரிதாக நினைக்காத மனிதருக்குத் திடீரென்று படித்தவர்கள் மேல் மரியாதை வந்திருந்தது.

மறுநாள் பால்வாடி டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்காமல், ரெண்டு பேரையும் என்கிட்டயே விடும்மா, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம் என்றார். அதையும் என்னால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. தெருவில் பாதிப் பிள்ளைகள் வேன் ஏறிவிட்டன. பால்வாடியில் பாய் விரித்தால் பாதி காலியாகக் கிடக்கிறது. இவர் என் பிள்ளைகளுக்காகச் சொல்கிறாரா, தன் பால்வாடிக்காகச் சொல்கிறாரா? அந்த நாட்களில் யார் எது சொன்னாலும் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றியது.

பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வருவார். அந்த முறை வந்தபோது, உங்க பாப்பாவுக்கு சீட்டு கிடைச்சிடுச்சாமே என்று விசாரித்தார். மாத்திரையைக் கவரில் போட்டுக்கொண்டே ஆமாம் என்றேன். அப்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரரு அதுக்கு மொதல் நாளே வந்து மேடத்துகிட்ட பேசிட்டுத்தானே போனாரு. அப்புறம் கிடைக்காம எப்படி இருக்கும்?"

என்ன பேசினார் என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. கதவு சாத்தியிருந்ததாம்.

அன்று வீட்டில் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும் என்று நினைத்தேன். என்னவெல்லாம் காரணம் இருக்கலாம் என்று எனக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். பையனுக்கு ஏதோ குறை இருப்பதாக அவருக்குத் தெரிந்து என்னிடம் மறைக்கிறாரா? பெண்ணை இப்போது சேர்த்து, ஆறு மாதத்தில் ஏதாவது சொல்லி நிறுத்தப் போகிறாரா? எதுவும் ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோறு எடுத்துக்கொண்டு நானே அளத்துக்குப் போனேன். வழக்கமாக நான் போவதில்லை. அவர் வரப்பில் உட்கார்ந்து கையைக் கழுவினார். பாத்திகளிலிருந்து கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம் அடித்தது. அவர் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியாத இடத்தில் இதைக் கேட்க வந்தோமே என்று இருந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"என்கிட்ட சொல்லாம ஸ்கூலுக்கு எதுக்குப் போனீங்க?"

அவர் மறுக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்.

"ஆமா, போனேன். ரெண்டையும் ஒரே கிளாசுல போடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். ஒரே செக்‌ஷன்தான் இருக்குது, அப்போ ஒருத்தர நிறுத்தணும்னாங்க. யாரு நல்லா பேசுவாங்கன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"பையன் பேசமாட்டான்னு நீங்களே போய்ச் சொன்னீங்களா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

பிறகு அவர் பேசியது எனக்குப் புதிது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. அவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். துணை இல்லாமல் ரோட்டைத் தாண்டிப் போகக்கூடாது என்று இவரை ஒரு வருடம் நிறுத்திவைத்து, இரண்டு பேரையும் ஒன்றாக ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்களாம். தம்பி சுட்டி. முதல் நாளிலிருந்தே எந்த வாத்தியாராக இருந்தாலும் தம்பியைக் காட்டித்தான் இவரைத் திட்டுவார்களாம். ஒன்பதாம் வகுப்போடு இவர் நின்றுவிட்டார். தம்பி படித்து, பாண்டிச்சேரியில் அரசு வேலையில் இருக்கிறார்.

"ஒரு வாத்தியாரும் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அவன் அண்ணன், அவன் அண்ணன்னுதான் கூப்பிடுவாங்க. அது ஒரு பேரா? இவளும் அவனும் ஒரே பெஞ்சுல உக்காந்தா அவனுக்கும் அதுதான் நடக்கும். அவ முன்னாடி போகட்டும், அவன் பின்னாடி வரட்டும். பக்கத்துல மட்டும் வேணாம்."

நான் டப்பாக்களை எடுத்து வைத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் சொல்லாமல் முதலில் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னது ஏன் என்ற கேள்வி அப்படியே நின்றது. அதைக் கேட்டேன். உன்கிட்ட சொன்னா நீ நம்பமாட்ட, பத்துப் பேர்கிட்ட விசாரிப்ப என்றார்.

அவர் சொன்னதுபோலவே விசாரித்தேன். அடுத்த வாரம் கொழுந்தனார் குடும்பத்தோடு வந்தார். கணவர் மீன் வாங்கப் போன நேரத்தில், நீங்கள் இருவரும் ஒரே வகுப்பிலா படித்தீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அண்ணன் பேப்பரப் பாத்துதான் நான் கணக்கு போடுவேன் அண்ணி. அவருக்கு அவ்வளவு நல்லா வரும். அப்பாவுக்குக் கால்ல புண்ணு ஆறாம கிடந்தப்ப அளத்துக்கு ஒரு ஆள் வேணும்னு அவராவேதான் நின்னுட்டாரு. நான் நிக்கிறேன்னு சொன்னேன், கேக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேரில் யார் சொல்வது உண்மை? அண்ணன் படிப்பை விட்டதால் தான் படித்தோம் என்ற உறுத்தலில் தம்பி இப்படிச் சொல்கிறாரா? அல்லது அப்பாவுக்காக நின்றதை வெளியே சொல்லப் பிடிக்காமல் கணவர் வாத்தியார்கள் மேல் பழி போடுகிறாரா? மீனோடு வந்த கணவரிடம் இதை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஒன்று மட்டும் முடிவு செய்தேன். இனி யார் சொல்வதையும் கேட்கக்கூடாது, நானே பார்க்க வேண்டும். பாயிடம் அனுமதி கேட்டு ஒரு நாள் பெரியவனை மட்டும் கடைக்குக் கூட்டிப்போனேன். சின்னவளைப் பால்வாடியில் விட்டேன். இருவரும் ஒரு நாள் முழுக்கப் பிரிந்திருந்தது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் அவன் வாயைத் திறக்கவில்லை. கடைக்கு வந்து கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பிறகு இது என்ன மருந்து என்று கேட்டான். சொன்னேன். இது யாருக்கு, அவங்களுக்கு என்ன வலி, வலி எங்கிருந்து வருது, ராத்திரி எங்க போகுது என்று தொடங்கினான். மத்தியானத்துக்குள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என்ன வலி என்று விசாரித்தான். பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "யாரும்மா சொன்னது பேட்டாவுக்குப் பேச்சு வராதுன்னு? எனக்குக் காது வலிக்குது" என்றார்.

திரும்பி வந்தபோது பால்வாடி டீச்சர், அவ இல்லன்னா அவன் பேசுவான்மா, எனக்குத் தெரியும் என்றார். தெரியும் என்றால் முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீங்க கேக்கலையே என்றார்.

ஆகப் பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லை. இவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசி முடித்துவிடுகிறாள், அவ்வளவுதான். ஒரே அறையில் போட்டால் பள்ளியிலும் அதுவே நடக்கும். வேறு நல்ல பள்ளி என்றால் தூரம், இந்த வயதில் பஸ்ஸில் அனுப்ப முடியாது. நான்கைந்து நாள் யோசித்து, சின்னவளை எல்.கே.ஜி.யில் சேர்ப்பது, பெரியவனை இன்னும் ஒரு வருடம் பால்வாடியில் விடுவது என்று முடிவெடுத்தேன். தலைமையாசிரியை சொன்னதும் அதுதான், கணவர் விரும்பியதும் அதுதான். என் சொந்தக் காரணத்துக்காக எடுத்த முடிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், யாரோ போட்டுவைத்த பாதையில் நடந்து வந்ததுபோலத்தான் இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அண்ணன் ஏன் வரவில்லை என்று சின்னவள் வேன் படியில் நின்று கேட்டாள். அவன் இன்னும் நல்லா பேசலல்ல, பேசினதும் வருவான் என்றேன். வேன் டிரைவரும் அதையே சொன்னார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் முன்னாலேயே நாங்கள் அந்தப் பதிலைத்தான் சொன்னோம். சொல்வதற்கு அதுதான் சுலபமாக இருந்தது.

ஆகஸ்டில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சின்னவள் வகுப்பில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். பெயர் கேட்டால்கூட வாயைத் திறப்பதில்லை. எழுதச் சொன்னால் எழுதுகிறாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள். வீட்டில் நல்லா பேசுவாளா என்று தலைமையாசிரியை கேட்டார். வீட்டில் அவள் வாயை மூடவைக்க முடியாது என்றேன். அவர் என்னை நம்பாததுபோலப் பார்த்தார். நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன். வீட்டில் இரைந்து பேசும் பிள்ளை ஒரு அறைக்குள் போனதும் ஊமையாகிறதென்றால் அந்த அறையில் ஏதோ நடக்கிறது.

அன்றிலிருந்து குளிப்பாட்டும்போது அவள் உடம்பைப் பார்க்க ஆரம்பித்தேன். முதுகு, தொடை, காதுக்குப் பின்னால். எங்கும் ஒரு கீறல் இல்லை. டீச்சர் அடிக்கிறாங்களா, மிரட்டுறாங்களா, பக்கத்தில் உட்காரும் பிள்ளை கிள்ளுகிறதா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் ஏதோ ஒளிந்திருந்தது. நாலு வயதுப் பிள்ளை என்னிடம் மறைக்கிறது என்பது மட்டும் தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் பள்ளிக்குப் போய் ஜன்னல் ஓரம் நின்றேன். வகுப்பு டீச்சர் திண்டிவனம் பக்கத்துப் பெண், சின்ன வயது. சின்னவள் பக்கத்தில் மண்டியிட்டு ஏதோ கேட்டாள். சின்னவள் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அந்தப் பெண் கன்னத்தைத் தட்டிவிட்டு ஒரு சாக்லேட் கொடுத்தாள். நான் வந்திருப்பது தெரிந்துதான் இவ்வளவு அன்பாக இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். வெளியே வரும்போது தலைமையாசிரியை கண்ணில் பட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இப்படியே போனால் பாப்பாவையும் இந்த வருடம் நிறுத்திவிட்டு அடுத்த வருடம் சேர்க்கலாம், யோசியுங்கள் என்றார். இதுவும் கணவர் வந்து சொன்னதா என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர், "அப்பாவே வந்து பையனுக்குப் பேச்சு வராதுன்னு சொல்லும்போது நான் எப்படிம்மா நம்பாம இருக்கிறது?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அளத்தில் வேலை முடிந்து கணவர் வீட்டில் இருந்தார். ஒரு நாள் மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்டார்கள், நானும் கடைக்குப் போகவில்லை. உள்ளறையில் இருவரும் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சின்னவள்தான் டீச்சர். பள்ளியில் வாயைத் திறக்காதவள் வீட்டில் அந்த டீச்சர் குரலிலேயே பாட்டு, எழுத்து, நிறம் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அவன் திருப்பிச் சொன்னான். இதில் ஏதாவது தெரியவரும் என்று நான் கதவோரம் நின்று கேட்டேன். கணவர் என்ன என்று சைகையில் கேட்டார். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவரும் வந்து நின்றார்.

பெரியவன் கேட்டான், நீ ஏன் ஸ்கூல்ல பேசமாட்டேங்குற, டீச்சர் அடிக்கிறாங்களா என்று.

"அடிக்கமாட்டாங்க. சாக்லேட்டுதான் குடுப்பாங்க. அதக்கூட நான் வாயத் தொறக்காமதான் வாங்குவேன்" என்றாள் சின்னவள். "பேசலன்னா என்னையும் நிறுத்திடுவாங்க. அப்புறம் நான் பால்வாடிக்கே வந்துடுவேன். உன்ன நிறுத்துன மாதிரி."

"எனக்குத்தான் பேச வருதே."

"அது அவங்களுக்குத் தெரியாது. நீ சொல்லிடாத."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரை, ஆயாவை, பக்கத்துப் பிள்ளையை என்று ஊரையே நான் துருவிக்கொண்டிருந்த இத்தனை மாதமும் என் மகள் ஒரு வேலையைத் திட்டம் போட்டுச் செய்துகொண்டிருந்தாள். பேசாத பிள்ளையை நிறுத்துவார்கள் என்று நாங்கள்தான் அவளுக்குச் சொன்னோம். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

கணவர் பின்கட்டுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "நாளைக்கு நாலு பேரும் போலாம். நானே பேசுறேன். நீயும் கூட இரு" என்றார். கூட இரு என்று அவர் சொன்னது எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் கணவர் நடந்ததை எல்லாம் சொன்னார். தான் தனியாக வந்து பேசியது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பையனுக்குப் பேச்சு வரும், அதை நான் சரியாகச் சொல்லவில்லை என்றார். தலைமையாசிரியை பெரியவனிடம் பெயர் கேட்டார். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதப் பழக்கத்தில் அவள் பதில் சொல்லவில்லை. அவன் பெயரைச் சொன்னான். அப்பா பெயர், தெரு, பாய் கடையில் விற்கும் தைலம் என்று தொடர்ந்தான். இங்கே எல்.கே.ஜி.யில் நடத்திய பாட்டு முழுவதையும் பாடிக் காட்டினான். கதவோரம் நின்ற வகுப்பு டீச்சர் வாயில் கை வைத்தாள்.

தலைமையாசிரியை சிரித்துவிட்டு, இன்னிக்கே வகுப்பில் உட்கார வைக்கிறேன், ரெண்டு பேரும் சேர்ந்தே படிக்கட்டும் என்றார். கணவர் என்னைப் பார்த்தார். மறுபடியும் அதே கேள்வி எங்கள் முன்னால் வந்து நின்றது. இவனைச் சேர்த்தால் இவள் பேசுவாள். இவள் பேச ஆரம்பித்தால் இவன் வாயை மூடிக்கொள்வான். அன்று வேண்டாம் என்றவர் இன்று ஏன் இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறார் என்ற யோசனையும் எனக்குள் ஓடியது. அவனிடமே கேட்டேன்.

"நீ இங்க பாப்பாவோட படிக்கிறியா, பால்வாடியில இருக்கியா?"

அவன் யோசிக்கவே இல்லை. "பால்வாடியில" என்றான். "அங்க முட்டை குடுக்குறாங்க. நான்தான் சின்னப் பசங்களத் தூங்க வெக்கிறேன்."

எல்லோரும் சிரித்தோம், சின்னவளைத் தவிர. அவள் முகத்தை நான் மறக்கமாட்டேன். முதலில் அவனைப் பார்த்தாள். காதில் விழுந்தது சரிதானா என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கண்ணில் நீர் முட்டியது, அழவில்லை. இத்தனை மாதம் அவள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது இவனுக்காக. இவன் அங்கே முட்டை சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்திருக்கிறான். அவனை நிறுத்தலாமா வேண்டாமா என்று சித்திரையிலிருந்து எத்தனையோ பேர் பேசியிருந்தோம். அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

அப்படியானால் அவன் இஷ்டப்படியே இருக்கட்டும், அடுத்த ஜூனில் சேர்க்கலாம் என்று கணவர் சொன்னார். இந்த முறை என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் சொன்னார்.

அன்று முழுக்கச் சின்னவள் அவனோடு பேசவில்லை. விளையாட்டில் டீச்சராகவும் வரவில்லை. மறுநாள் வேன் ஏறினாள். சாயங்காலம் வகுப்பு டீச்சர் கடைக்கே போன் செய்தாள். காலையில் பெயர் கூப்பிட்டபோது சின்னவள் எழுந்து நின்று, உள்ளேன் என்று கத்தினாளாம். பக்கத்துப் பிள்ளைகள் பயந்துவிட்டார்களாம். அதன் பிறகு மதியம்வரை வாயை மூடவில்லை, கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவள் பேச ஆரம்பித்தது சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். எப்படியோ பேசினாள். அந்தக் கோபம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. பக்கத்து பெஞ்சில் அப்போது கிடைத்த சிநேகிதி மட்டும் நிலைத்துவிட்டாள்.

அடுத்த ஜூனில் பெரியவன் எல்.கே.ஜி.க்கும் அவள் யு.கே.ஜி.க்கும் போனார்கள். கணவர் வீட்டில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. அண்ணனைக் கீழே உட்காரவைத்துவிட்டோம் என்று ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா முறையில் ஒருவர் என் காதுபடச் சொன்னார். கணவர் அவரிடம், அவன் வகுப்புல அவன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க, அது போதும் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். கொழுந்தனார் சொன்ன கதை அப்போதும் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இப்போது அவள் மூன்றாவது, அவன் இரண்டாவது. அவன் வகுப்பில் நன்றாகவே பேசுகிறான், அதிகமாகப் பேசுகிறான் என்றுதான் புகார் வருகிறது. சரியாகத்தான் செய்தோமா என்று யாராவது கேட்டால் என்னிடம் உறுதியான பதில் இல்லை. சேர்த்தே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

போன மாதம் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது சின்னவள் திடீரென்று கேட்டாள், அவனை ஒரு வருடம் நிறுத்தியது உண்மையில் யார் முடிவு என்று.

"அப்பாவும் நானும் சேர்ந்துதான்" என்றேன்.

"சேர்ந்தா?"

"ஆமா."

அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். ரிப்பனைக் கட்டி முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. அப்பா உப்பளத்திலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது.